ஹாக்கி சிமுலேஷன் லீகில் காலி அணியை எடுப்பவருக்கு முதல் சீசன் எப்படிப் போகும்?

கேள்வி இதுதான். டொராண்டோவில் படித்த காலத்து நண்பர் ஒருவர், தான் இருக்கும் ஆன்லைன் ஹாக்கி சிமுலேஷன் லீகில் ஓர் அணி காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்கிறார். கேள்வி கேட்டவர் இப்போது சென்னையில் இருக்கிறார். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல் ஆட்டங்களை அவ்வப்போது பார்ப்பவர்தான், ஆனால் இந்த மாதிரி லீகில் இருந்ததில்லை. சேர்ந்தால் என்ன நடக்கும், எவ்வளவு நேரம் பிடிக்கும், முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகச் சேருங்கள். நமக்கு இருக்கும் ஹாக்கி அறிவு போதுமா என்ற கவலையை மட்டும் விட்டுவிடுங்கள், ஓரளவு தெரிந்தாலே போதும். இந்த லீகுகளில் கோப்பை தூக்குகிறவர்களைப் பார்த்தால், ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்களைவிட, பேரம் பேசத் தெரிந்தவர்களும் நாள் தவறாமல் எட்டிப் பார்க்கிறவர்களும்தான் அதிகம். நான் பல வருடமாக இப்படியொரு லீகில் ஜிஎம், அதாவது ஓர் அணியை நடத்தும் ஜெனரல் மேனேஜர். நடுவில் கொஞ்சக் காலம் லீகை நடத்தும் கமிஷனருக்குக் கைகொடுத்தும் இருக்கிறேன். காலி அணியை எடுத்தவர்களில் யார் நிலைக்கிறார்கள், யார் கிறிஸ்துமஸுக்குள் காணாமல் போகிறார்கள் என்பதை நிறையப் பார்த்தாயிற்று.

இதைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: இங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கி. என்எச்எல் மாதிரியே 32 அணிகள் இருக்கும், சின்ன லீகாக இருந்தால் குறையும். ஆளுக்கு ஓர் அணி. யாரும் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு விளையாடுவதில்லை. அணியைக் கட்டுவது, யார் யாரோடு சேர்ந்து ஐஸில் இறங்குவது என்று லைன் போடுவது, மற்ற அணிகளோடு வீரர்களை மாற்றிக்கொள்ள ட்ரேட் பேசுவது, இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பையன்களை எடுப்பது, இவ்வளவுதான் ஜிஎம்மின் வேலை. ஆட்டத்தைக் கணினி ஆடிவிடும். குறித்த இரவில் கமிஷனர் நிரலை, அதாவது சிம்மை, ஓட்டினால் அன்றைய ஆட்டங்கள் எல்லாம் சில நிமிடத்தில் முடிந்து, யார் கோல் போட்டார், எந்த நிமிடத்தில் யாருக்கு பெனால்டி, கோல்காப்பாளரான கோலி எத்தனை ஷாட்டைத் தடுத்தார் என்று பாக்ஸ் ஸ்கோர் வந்து விழும். ஃபேன்டஸி ஹாக்கியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபேன்டஸியில் நிஜ ஆட்டத்தில் வீரர் எடுத்த புள்ளிதான் உங்கள் புள்ளி. இங்கே நிஜ வீரரின் பெயரும், திறனுக்கான மதிப்பெண்ணான ரேட்டிங்கும் மட்டும்தான் வரும், ஆடுவதெல்லாம் நிரலின் உள்ளேதான்.

நண்பரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த என்ஜினில், அதாவது எந்தச் சிமுலேஷன் நிரலில், ஓடுகிறது என்று. பழைய லீகுகள் பலவும் எஸ்டிஎச்எஸ் என்கிற சைமன்டி ஹாக்கி சிமுலேட்டரில் ஓடுகின்றன. இன்னொரு கூட்டம் ஃபிரான்சைஸ் ஹாக்கி மேனேஜரில் இருக்கிறது. அது 2013ல் முதன்முதலாக வந்த, காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டு. ஈஸ்ட்சைட் ஹாக்கி மேனேஜரை இன்னும் விடாமல் கட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. என்ஜினைப் பொறுத்து நீங்கள் கற்க வேண்டியது மாறும். கீழே நான் சொல்வது பெரும்பாலும் எஸ்டிஎச்எஸ் வைத்து. எனக்குப் பழக்கம் அதில்தான். பேரமும் ஆட்களும் எங்கே போனாலும் ஒன்றுதான்.

இனி உங்களுக்குக் கிடைக்கப்போகும் அணியைப் பற்றி. அது மோசமாகத்தான் இருக்கும். நல்ல அணியை விட்டுவிட்டு யாரும் போவதில்லையே. முன்னால் இருந்தவர் தோற்றுத் தோற்று அலுத்துப்போய் லைன் அனுப்புவதை நிறுத்தியிருப்பார். இல்லையென்றால் ஒரே சீசனில் கோப்பையைப் பிடித்துவிடலாம் என்று வருங்கால டிராஃப்ட் வாய்ப்புகளான பிக்குகளையெல்லாம் விற்றுவிட்டு, அது நடக்காமல் போனதும் கிளம்பியிருப்பார். ஆள் காலி செய்த வீட்டுக்குக் குடிபோவது மாதிரி, முன்னவர் அடித்த ஆணியெல்லாம் சுவரில் அப்படியே இருக்கும். இதில் இரண்டாம் வகைதான் ஆபத்தானது. முதல் வகையில் அணி அழுக்காக இருந்தாலும் சரக்கு உள்ளே இருக்கும். இரண்டாவதில் பெயர்கள் பளபளப்பாக இருக்கும், அலமாரியைத் திறந்தால் ஒன்றும் இருக்காது.

அணியைக் கையில் வாங்கியதும் நட்சத்திரம் யார் என்று பார்க்காதீர்கள். முதலில் ஒப்பந்தங்களைப் பாருங்கள். பெரும்பாலான லீகுகள் நிஜ என்எச்எல் மாதிரி சம்பள வரம்பு வைத்திருக்கும். 2004-05 சீசன் முழுவதும் கதவடைப்பில் போன பிறகு வந்தது அந்த வரம்பு. 2005-06ல் 3.9 கோடி டாலரில் ஆரம்பித்து, 2024-25ல் 8.8 கோடி, 2025-26ல் 9.55 கோடி என்று ஏறியிருக்கிறது. உங்கள் லீக் நிஜ வரம்பைப் பின்தொடர்கிறதா, தனி எண் வைத்திருக்கிறதா என்பது முக்கியம். பின்தொடர்கிறது என்றால், இரண்டு வருடம் முன்பு "அநியாய விலை" என்று எல்லோரும் சிரித்த ஒப்பந்தம் இப்போது சாதாரணமாகத் தெரியும். அதை நல்ல விலைக்குத் தள்ளிவிட வாய்ப்புண்டு. தனி எண் வைத்து அதை ஏற்றாமல் இருந்தால், 34 வயதுக்காரருக்கு இன்னும் நான்கு வருட ஒப்பந்தம் பாக்கி என்பது உங்கள் கழுத்தில் கட்டிய கல்.

அடுத்து கோலி. ஹாக்கியில் ஒரு கோலி அணியையே தூக்கி நிறுத்துவார், குழியிலும் தள்ளுவார். செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் 2019 ஜனவரி 3 காலையில் 31 அணிகளில் கடைசி. ஜனவரி 7ல் ஜோர்டன் பின்னிங்டன் என்ற பெரிதாகப் பெயர் தெரியாத கோலியை முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து இறக்கினார்கள். அன்று ஒரு கோலும் விடவில்லை. ஜூனில் கோப்பை அவர்கள் கையில். சிம் என்ஜின்களிலும் கோலியின் கனம் இதே மாதிரி அதிகம்தான். உங்கள் அணியில் நல்ல கோலி ஒருவர் இருந்து மற்றதெல்லாம் குப்பையாக இருந்தாலும், அந்தக் கோலி மற்றவர்களுக்கு எவ்வளவு தேவைப்படுவார் என்பதை நீங்கள் புரிந்துகொள்வதற்குள் பத்துப் பேர் உங்கள் கதவைத் தட்டியிருப்பார்கள்.

அந்தத் தட்டல்தான் புதியவரின் உண்மையான முதல் அனுபவம். லீகின் அரட்டை நடக்கும் டிஸ்கார்டில் உங்கள் பெயர் வந்த அன்றே செய்திகள் குவியும். எல்லாம் அன்பாகத்தான் இருக்கும். ஒரு மாதிரிக்கு, எங்கள் லீகில் புதியவர் ஒருவருக்குச் சேர்ந்த அன்றே வந்த செய்தியின் சாரம் இது: "வாங்க, நல்லா செய்வீங்க. உங்க அணிக்கு உடனடியா கோல் போடுற ஆள் வேணும்னு தோணுது. என்கிட்ட ஓவி 78 விங்கர் இருக்கார். உங்க 23 வயசு டிஃபன்ஸ்மேனும் ரெண்டாம் ரவுண்ட் பிக்கும் போதும். அவர் உங்க அணியில முதல் லைன், நேரா போடலாம்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஓரத்தில் ஆடும் அந்த விங்கரின் ஓவி, அதாவது மொத்த ரேட்டிங், 78தான். புதியவரின் அணியில் அவர் முதல் லைனும்தான். சொல்லாமல் விட்டது மூன்று. அவருக்கு வயது 33. ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடம். அந்த வருடம் நிஜ என்எச்எல்லில் அவர் பாதி ஆட்டங்களில் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தார். எனவே கோடையில் ரேட்டிங்குகளைப் புதுப்பிக்கும்போது விழப்போவது உறுதி. விற்க வந்தவருக்கு அந்தச் சம்பளத்தை இறக்கி வைத்தாக வேண்டும், அதற்கு நேற்றுச் சேர்ந்தவரைவிட நல்ல வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்? இது மோசடி ஆகாது. லீக் இப்படித்தான் இயங்குகிறது, எல்லோரும் ஒருநாள் அந்தப் பக்கம் நின்றவர்கள்தான். கண்ணை உறுத்தும் அளவுக்கு ஒருதலையான ட்ரேடை நிறுத்த ஒரு குழு இருக்கும். ஆனால் "கொஞ்சம் நஷ்டம்" என்ற அளவில் இருந்தால் யாரும் தடுக்க வரமாட்டார்கள்.

அதனால் என் யோசனை: முதல் இரண்டு வாரம் ஒரு ட்ரேடும் செய்யாதீர்கள், ஆனால் வந்த எல்லாச் செய்திக்கும் பதில் போடுங்கள். "பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடிவு செய்யவில்லை, அவருக்கு வேறு யாரும் என்ன தருவார்கள் என்று பார்க்கிறேன்" என்று ஒரு வரி போதும். பதில் போடுவதில் இரண்டு லாபம். ஒன்று, பேச்சுவார்த்தைக்கு வரக்கூடிய ஆள் என்று பெயர் வரும். பதிலே போடாத ஜிஎம்மிடம் அடுத்த சீசன் யாரும் நல்ல பேரத்தோடு வரமாட்டார்கள். இன்னொன்று, யார் யாரைக் கேட்கிறார்கள் என்பதிலிருந்தே உங்கள் அணியின் விலைப்பட்டியல் உங்களுக்குக் கிடைத்துவிடும். நான்கு பேர் தனித்தனியாக உங்கள் மூன்றாம் ஜோடி டிஃபன்ஸ்மேனைப் பற்றி விசாரித்தால், அவரிடம் உங்களுக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். போய் நிஜத்தில் அந்தப் பையன் இந்த வருடம் எப்படி ஆடுகிறான் என்று பாருங்கள். அநேகமாக பவர் பிளேயில், அதாவது பெனால்டியால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்து ஆட்டத்தில், இடம் பிடித்திருப்பான்.

இந்த ரேட்டிங் புதுப்பிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிஜ வீரர்களை வைத்து ஓடும் லீகுகளில் வருடத்துக்கு ஒருமுறை, நிஜ சீசனின் புள்ளிவிவரத்திலிருந்து எல்லா வீரர்களின் ரேட்டிங்கையும் புதிதாகப் போடுவார்கள். எங்கள் வட்டத்தில் இதை ரீரேட் என்போம். லீகின் சந்தை முழுக்க இந்த ஒரு நாளை நோக்கித்தான் ஓடுகிறது. உங்கள் லீகில் இன்று ஒரு வீரர் 25 ஆட்டத்தில் 30 புள்ளி எடுத்துக் கலக்கலாம், ஆனால் அது போன வருட ரேட்டிங்கின் கூத்து. நிஜத்தில் அவர் நான்காம் லைனுக்குப் போயிருந்தால் அடுத்த சீசனில் உங்களுக்கும் அவர் நான்காம் லைன்தான். இதனால் எங்களில் பலர் நிஜ ஆட்டம் பார்க்கும் விதமே கெட்டுப்போயிற்று. யார் ஜெயிக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, மூன்றாம் லைனில் நடுவில் ஆடும் சென்டர், நடுவர் பக் என்ற வட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ்ஆஃபில் எத்தனை வென்றான் என்று எண்ணிக்கொண்டிருப்போம். வீட்டில் கேலி செய்வார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

புதியவருக்கு ரீரேட்டில் இருக்கும் லாபம் எளிது. ஜனவரி, பிப்ரவரி வாக்கில் நிஜ என்எச்எல்லில் திடீரென்று ஏறிவரும் 21, 22 வயதுக்காரர்களின் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லீகில் அவர்கள் இன்னும் பழைய, மட்டமான ரேட்டிங்கோடு யாரோ ஒருவரின் இரண்டாம் நிலை அணியான ஃபார்ம் டீமில் தூங்கிக்கொண்டிருக்கலாம். கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளான பிளேஆஃபுக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஜிஎம்முக்கு இப்போதே கோல் போடும் ஆள் வேண்டும், உங்களுக்கு அவசரமில்லை. அந்த 33 வயது விங்கர்கள் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அவர்களை அப்போது விற்க வேண்டியது அந்த ஜிஎம்மிடம்தான்.

சரி, லைனுக்கு வருவோம். எஸ்டிஎச்எஸ் கிளையன்ட்டைத் திறந்தால் முதல் பார்வையில் பயமாக இருக்கும். ஒவ்வொரு வீரருக்கும் ஈரெழுத்துப் பெயர்களில் வரிசையாக எண்கள்: செக்கிங், சண்டை, ஒழுக்கம், ஸ்கேட்டிங், பலம், தாங்குதிறன், பக்கைக் கையாளுவது, ஃபேஸ்ஆஃப், பாஸ், ஸ்கோரிங், டிஃபன்ஸ் என்று போகும். கடைசியில் ஓவி என்று மொத்த மதிப்பெண் ஒன்று. புதியவர்கள் எல்லோரும் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்து அணியை அடுக்குவார்கள். ஓவி என்பது மற்ற எண்களை ஒரு சூத்திரத்தில் போட்டுச் சுருக்கிய எண், அவ்வளவுதான். ஐஸில் வேலை செய்வது தனித்தனி எண்கள். ஓவி 74 உள்ள இரண்டு சென்டர்களில் ஒருவர் பாஸும் பக்கும் நன்றாக இருந்து டிஃபன்ஸ் இல்லாதவராக இருப்பார், இன்னொருவர் நேர்மாறாக இருப்பார். முதலாமவரைக் கோல் போடும் விங்கர்களோடு சேர்த்து பவர் பிளேயில் விடுங்கள். இரண்டாமவர், நம் பக்கம் ஆள் குறைந்திருக்கும்போது தாக்குப்பிடிக்கும் பெனால்டி கில்லுக்கு. ஃபேஸ்ஆஃப் நன்றாக இருப்பவரைத் தப்பித் தவறியும் விங்கில் போட்டு வீணாக்காதீர்கள்.

ஐந்துக்கு ஐந்து ஆட்டத்துக்கு நான்கு ஃபார்வர்ட் லைன், மூன்று டிஃபன்ஸ் ஜோடி. ஆக 12 ஃபார்வர்ட், 6 டிஃபன்ஸ், கூட இரண்டு கோலி, ஆட்டத்துக்குச் சீருடை போட்டு இறங்குவது இந்த 20 பேர்தான். ஒவ்வொரு லைனுக்கும் எவ்வளவு நேரம் என்று சதவீதம் கொடுக்க வேண்டும், நான்கும் சேர்ந்து நூறு. அதன் பக்கத்திலேயே உடல்மோதல், தற்காப்பு, தாக்குதல் என்று மூன்று கட்டங்கள், மூன்றுக்கும் சேர்த்து ஐந்து புள்ளி. எல்லோரும் முதல் நாள் தாக்குதலுக்கு ஐந்தையும் கொட்டிவிடுவார்கள். செய்து பாருங்கள், தப்பில்லை. ஆனால் ஒரே சமயத்தில் நான்கு விஷயத்தை மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, நாலைந்து ஆட்டம் விட்டு, பாக்ஸ் ஸ்கோரில் ஷாட் எண்ணிக்கையைப் பாருங்கள். கோல் எண்ணிக்கை நாலைந்து ஆட்டத்தில் ஒன்றையும் சொல்லாது. அடித்த ஷாட், வாங்கிய ஷாட் இரண்டும் கொஞ்சம் சீக்கிரம் உண்மை பேசும்.

பவர் பிளே, பெனால்டி கில், நான்குக்கு நான்கு, கடைசி நிமிடம், ஷூட்அவுட் வரிசை என்று தனித்தனிப் பக்கங்கள் இருக்கின்றன. ட்ரேடுக்குப் பிறகு முதல் லைனை மட்டும் சரிசெய்துவிட்டு இவற்றை மறப்பதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்த்தது. போன ஆளின் இடம் காலியாகக் கிடக்கும், அல்லது நிரல் தன் போக்கில் யாரையாவது நிரப்பிவிடும். உங்கள் சண்டைக்காரர் பவர் பிளேயில் நிற்பார். ஆட்களின் களைப்பைக் காட்டும் எண் ஒன்றும் இருக்கிறது, அதைச் சிம்முக்கு முன்னால் ஒரு பார்வை பாருங்கள். குறிப்பாக முதல் கோலியை வாரக்கணக்கில் ஓயாமல் இறக்கினால் அந்த எண் சரிந்துகொண்டே போகும். இரண்டாம் கோலி எதற்கு இருக்கிறார்?

இதையெல்லாம் சரியாகச் செய்தும் தோற்பீர்கள். அதுவும் கேவலமாக. 41 ஷாட் அடித்து ஒரு கோல், எதிரணி 18 ஷாட்டில் நான்கு கோல் என்று ஓர் இரவு வரும். உடனே டிஸ்கார்டில் போய் "என்ஜின் உடைந்திருக்கிறது" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள், அதை எழுதாத ஜிஎம்மே லீகில் கிடையாது என்பதால் யாரும் படிக்கப்போவதில்லை. நிஜ ஹாக்கியே இப்படித்தான். 2018-19ல் டாம்பா பே லைட்னிங் 62 ஆட்டம் வென்று 128 புள்ளி எடுத்தது, பிளேஆஃபின் முதல் சுற்றில் கொலம்பஸிடம் நாலு ஆட்டமும் தோற்று வெளியே போனது. 2022-23ல் பாஸ்டன் புரூயின்ஸ் 65 வெற்றி, 135 புள்ளி என்று என்எச்எல் சாதனையே படைத்தது. அதே வருடம் முதல் சுற்றில் ஃப்ளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில் வெளியே போனது. கோல்கள் குறைவாக விழும் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் அதிகம். என்ஜின் எழுதியவர்கள் அதை எடுத்துவிட்டிருந்தால்தான் புகார் சொல்ல வேண்டும்.

டிராஃப்ட் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் காலி அணியை எடுத்தவருக்கு அதுதான் பண்டிகை. நிஜ டிராஃப்ட் ஏழு சுற்று, லீகுகள் சிலது அதைக் குறைத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஆளுக்குச் சில மணி நேரம் கெடு வைத்துப் பல நாள் நடக்கும். உங்கள் முறை வரும்போது தூக்கத்தில் இருந்தால், முன்கூட்டிக் கொடுத்த பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். எனவே பட்டியல் கொடுத்துவிட்டுப் படுங்கள். முதல் சுற்று பிக்கை எல்லோரும் தங்கக்கட்டி மாதிரி பேசுவார்கள். 1999 டிராஃப்டைப் புரட்டிப் பாருங்கள். முதல் ஆளாக அட்லாண்டா எடுத்தது பாட்ரிக் ஸ்டெஃபான், பெரிதாகச் சோபிக்கவில்லை. இரண்டும் மூன்றும் செடின் இரட்டையர்கள், வான்கூவருக்கு. டெட்ராய்ட் 210ஆவது ஆளாக ஹென்ரிக் செட்டர்பெர்கை எடுத்தது. 2008ல் கோப்பையோடு பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதும் அவருக்கு. கோலிகள் விஷயம் இன்னும் மோசம். நியூயார்க் ரேஞ்சர்ஸின் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 2000ல் 205ஆவது, நாஷ்வில்லின் பெக்கா ரின்னே 2004ல் 258ஆவது. இருவரும் பின்னால் சிறந்த கோலி விருதான வெசினாவை வாங்கினார்கள். கோலிப் பையன்கள் பழுக்க வருடக்கணக்கில் ஆகும். அதுவரை பொறுமை இல்லாத ஜிஎம்கள் அவர்களைப் பேரத்தின் கடைசியில் சில்லறையாகப் போட்டுக் கொடுப்பார்கள். கேட்டு வாங்கி ஃபார்ம் டீமில் போட்டுவையுங்கள்.

வேண்டுமென்றே தோற்று உயர்ந்த பிக் வாங்கலாமே என்ற யோசனை வரும். எல்லோருக்கும் வந்த யோசனைதான், அதனால் அதற்கு விதியும் இருக்கும். நிஜத்தில் பிளேஆஃபுக்குப் போகாத 16 அணிகளுக்குக் குலுக்கல், அதில் வென்றாலும் பத்து இடத்துக்கு மேல் ஏற முடியாது. லீகுகள் பெரும்பாலும் இதையொட்டி ஏதோ ஒன்று வைத்திருக்கும். ஆரோக்கியமாக இருக்கும் நல்ல வீரரை உட்கார வைத்து ஃபார்ம் பையனை இறக்கினால் அபராதம் விழும், பிக்கே பறிபோன அணிகளும் உண்டு. வயதானவர்களை விற்று இளசுகளை வைத்து நேர்மையாகத் தோற்பதை யாரும் குறை சொல்வதில்லை.

நேரம். சிம் நடக்கும் நாட்களில் கால் மணி நேரம் போதும்: காயம் பார்த்து, லைன் திருத்தி, அனுப்பி வைப்பது. ட்ரேட் கெடு நெருங்கும் வாரம், ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான ஃப்ரீ ஏஜென்ட் ஏலம், டிராஃப்ட் இந்த மூன்று சமயமும் நேரத்தை விழுங்கும். சென்னையில் இருப்பவருக்கு இதில் ஒரு சங்கடமும் ஒரு வசதியும் உண்டு. டொராண்டோவில் இரவு 9 மணிக்குக் கெடு என்றால் குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் காலை 7.30, அவர்கள் கடிகாரத்தை மாற்றும் மாதங்களில் 6.30. அதாவது மற்றவர்கள் வேலை முடித்து, சாப்பிட்டு, களைத்துப் போய்ப் பேரம் பேசும் கடைசி மணி நேரத்தில் நீங்கள் காபியோடு தெளிவாக உட்கார்ந்திருப்பீர்கள். அவர்கள் மதிய நேரத்தில் சுறுசுறுப்பாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், அதுதான் சங்கடம். ஸ்வீடன், ஃபின்லாந்துக்காரர்கள் லீகில் இருந்தால் அவர்களோடு பேசிப் பழகுங்கள், நேரம் ஒத்துவரும்.

ஒரு விஷயம் எல்லாவற்றையும்விட முக்கியம்: காணாமல் போகாதீர்கள். பரீட்சை, கல்யாணம், அலுவலக நெருக்கடி எதுவானாலும் கமிஷனருக்கு ஒரு வரி எழுதிவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார், லைனைக் கூடப் போட்டுக் கொடுப்பார். சொல்லாமல் மறைந்தால் உங்கள் அணியோடு மோதும் எல்லோருக்கும் இலவசப் புள்ளி, புள்ளிப்பட்டியலே கோணிவிடும். கமிஷனர் சம்பளம் இல்லாமல் வார இரவுகளில் கோப்புகளை ஏற்றி இறக்குகிறவர். அவரிடம் விதிச் சந்தேகத்தைத் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் விதிப்புத்தகத்தை ஒருமுறை படித்துவிட்டுக் கேட்டால் அந்த மரியாதை நெடுநாள் கூட வரும். அப்புறம், பேரத்தில் சொன்ன வார்த்தையை மாற்றாதீர்கள். "சரி, முடிந்தது" என்று எழுதிவிட்டு ஒரு மணி நேரத்தில் வேறு யாரோ அதிகம் தந்தார்கள் என்று பின்வாங்கிய ஒருவரோடு எங்கள் லீகில் வருடக்கணக்கில் யாரும் ட்ரேட் செய்யவில்லை. நல்ல ஜிஎம்தான், ஆனால் 32 அணியில் தனித் தீவாக இருந்தார்.

இவ்வளவு பொறுப்பு வேண்டாம், ஒரே ஒரு ஆளாக இருந்து பார்க்கலாமே என்றால் அதற்கும் வேறு வகை லீக் இருக்கிறது. விக்டரி ஹாக்கி லீக், சிமுலேஷன் ஹாக்கி லீக் போன்றவற்றில் நீங்கள் கற்பனையாக ஒரு வீரரை உருவாக்கி, ஜூனியர் லீகிலிருந்து வளர்த்துக்கொண்டு போகலாம். வாரம்தோறும் சின்னச் சின்ன வேலைகள் செய்து, கட்டுரை எழுதி, படம் வரைந்து புள்ளி சேர்த்தால் உங்கள் வீரரின் ரேட்டிங் ஏறும். வேறொருவர் ஜிஎம்மாக இருந்து உங்களை டிராஃப்ட் செய்வார். லாக்கர் ரூம் அரட்டைதான் அதில் பாதிச் சுகம். ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்து இரண்டு வீரர் ஓட்டினால் வெளியேற்றிவிடுவார்கள், அதில் மட்டும் கவனம். எனக்கு அது ஒத்துவரவில்லை, பேரம் பேசாமல் இருக்க முடியாது. உங்கள் குணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஜிஎம் வேலைதான் என்று தீர்மானித்துவிட்டால், நண்பருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான்கைக் கேட்டு வாங்குங்கள். கடந்த மூன்று சீசனில் எத்தனை ஜிஎம்கள் விட்டுப் போனார்கள்? சிம் சொன்ன நாளில் நடக்கிறதா? ரீரேட் எப்போது, எந்தச் சூத்திரத்தில்? இந்த அணியின் அடுத்த இரண்டு வருட முதல் சுற்று பிக்குகள் யாரிடம் இருக்கின்றன? கடைசிக் கேள்விக்கு "இரண்டும் போய்விட்டது" என்று பதில் வந்தால் உடனே மறுத்துவிட வேண்டாம். கமிஷனரிடம் பேசுங்கள். காலி அணி காலியாகவே இருப்பது அவருக்குத்தான் தலைவலி. புதியவருக்கு ஈடாக ஒரு சுற்றின் கடைசியில் கூடுதல் பிக் தருவதோ, மோசமான ஒப்பந்தம் ஒன்றை இலவசமாக ரத்து செய்ய விடுவதோ பல லீகுகளில் நடக்கிறது. சேர்ந்த பிறகு கேட்டால் கிடைக்காது, சேர்வதற்கு முன்னால் கேளுங்கள்.